தொண்ணூற்றிரண்டுக்கு அப்புறம்

சண்டையே இல்லாத வீடு என்று எங்காவது ஒன்று இருந்தால், தயவு செய்து விலாசத்தைத் தெரிவியுங்கள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் ஒரு மணி சுமாருக்குச் சண்டை ஆரம்பமாகும். அடுப்பில் கோழிக் குழம்பு கொதிக்கிற நேரமும் அதுதான்.

சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். மாமியார் மருமகள் விவகாரமும் கிடையாது. (என் மாமியார் தங்கமானவர். அவரும் இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிக்கிறவர் என்பதற்காக இதை நான் எழுதவில்லை!) சண்டை போடுகிறவர்கள் என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும். விஷயம் என்ன தெரியுமோ? இளையராஜாவின் பிற்காலத்துப் பாட்டுகள் நன்றாயிருக்கின்றனவா, இல்லையா என்பதுதான்.

சிரிக்கிறீர்கள். நானும் முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், 2025 மார்ச் மாதம் வரையில்.

இவருடைய கட்சி இது: 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். 'ரோஜா' வந்தது 1992-இல். நடுவில் உள்ள பதினாறு வருஷந்தான் ராஜா. அப்புறம் வந்ததெல்லாம் பழைய பெயரை ஒட்டி விற்ற சரக்கு. திருப்பூர்க்காரர் அல்லவா, உவமானமும் ஊர் உவமானமாகத்தான் வரும். "அதே நூலு, அதே சாயம். ஆனா ஜி.எஸ்.எம். கொறஞ்சு போச்சு" என்பார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சதுர மீட்டர் பனியன் துணி எத்தனை கிராம் எடை நிற்கிறது என்பதுதான் ஜி.எஸ்.எம். 180 என்று பேசிவிட்டு 160-இல் துணி ஓட்டினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நாலு தரம் துவைத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

கொழுந்தனார் விடுவாரா? "ஏனுங்ணா, 'சேது' எப்ப வந்துச்சு? 1999. 'பாரதி' 2000. 'அழகி' 2002. 'பிதாமகன்' அதுக்கு அடுத்த வருஷம். இதெல்லாம் ஜி.எஸ்.எம். கம்மிங்களா?" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார். அவரிடம் இன்னொரு துருப்புச் சீட்டும் உண்டு. ராஜாவுக்குத் தேசிய விருது ஐந்து முறை கிடைத்திருக்கிறது. முதல் மூன்றும் 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' என்று பாட்டுக்குப் பேர்போன படங்களுக்கு. கடைசி இரண்டு, 2009-ஆம் வருஷத்துக்கு 'பழசி ராஜா', 2015-க்கு 'தாரை தப்பட்டை', பின்னணி இசைக்கு. "பார்த்தீங்களா, மனுசன் பாட்டைத் தாண்டி வேற எடத்துக்குப் போயிட்டாருங்ணா. நாமதான் பழைய எடத்துலயே நின்னுட்டு இன்னும் வரலையேன்னு தேடறோம்" என்பார். 2013-இல் வந்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அதற்காகவே மூன்று தடவை பார்த்தவர் அவர்.

"பின்னணி இசையைக் கேட்டுட்டு பவர் டேபிள்ல பீஸ் அடிக்க முடியுமாடா?" என்பார் இவர். கொழுந்தனாருக்குப் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிற தொழில். அந்தக் கேள்விக்கு மாத்திரம் அவரால் பதில் சொல்ல முடியாது. இத்தனைக்கும் இப்போது அவர் கம்பெனியில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். பாட்டுப் பெட்டியில் போஜ்புரிப் பாட்டு முடிந்த பிறகுதான் ராஜாவுக்கு முறை வருகிறது.

இந்த வியாதி ராஜாவோடு வந்தது என்றும் சொல்ல மாட்டேன். என் மாமியாரின் தகப்பனாருக்கு எம். கே. தியாகராஜ பாகவதர் என்றால் உயிராம். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே வருஷம் பாகவதர் கொலை வழக்கில் கைதாகி, 1947-இல் விடுதலையாகி வந்து, 'ராஜமுக்தி', 'அமரகவி' என்று நடித்தார். ஒன்றும் ஓடவில்லை. "குரல் போயிருச்சு" என்று ஒரு கூட்டமும், "குரல் அப்படியேதான் இருக்குது, காலந்தான் போயிருச்சு" என்று ஒரு கூட்டமும் பல்லடம் சந்தையில் மாடு பிடிக்கப் போன இடத்தில் வாதாடியதாக மாமியார் சொல்வார். பெரியவர் கடைசி வரையில் இரண்டாவது கூட்டம்.

என் பிள்ளையாண்டான் சங்கதி இன்னும் வேடிக்கை. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்பு டீ சர்ட் ஒன்று போட்டுக்கொள்வான். மார்பில் எலும்புக்கூட்டுப் பிசாசு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு 'எட்டி' என்று செல்லப் பெயர் வேறு! 'அயர்ன் மெய்டன்' என்று இங்கிலாந்தில் ஒரு ஹெவி மெட்டல் கோஷ்டியாம். 1975-இல் லண்டனில் ஆரம்பித்ததாம். கணக்குப் பார்த்தால் நம் 'அன்னக்கிளி'க்கு ஒரே ஒரு வயசு மூப்பு. 2007-இல் பெங்களூருக்கு வந்து வாசித்தபோது இவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான் என்பது அவனுடைய தீராத குறை.

ராத்திரி பதினொரு மணிக்கு அவன் மாடியில் நின்றுகொண்டு சிநேகிதனோடு போனில் கத்துவதை ஒரு நாள் ஒட்டுக் கேட்டேன். தாயாருக்கு அந்த உரிமை உண்டு. கல்யாண விஷயமாக ஏதேனும் இருக்குமோ என்றுதான் காதைக் கொடுத்தேன். இருந்தது என்னவென்றால், "1988-க்கு அப்புறம் அவங்க ஒண்ணுமே பண்ணலைன்னு எப்படிடா சொல்றே? 2000-க்கு மேல வந்த ஆல்பத்தை ஒழுங்காக் கேட்டியா நீ?" என்பதுதான். அந்தக் கோஷ்டியின் பாடகர் 1993-இல் விலகிப் போய், 1999-இல் திரும்பி வந்தாராம். வந்த பிறகு பாட்டெல்லாம் நீளமாகிவிட்டதாம். பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரே பாட்டு! அது பொறுமையா, அறுவையா என்பதில் உலகம் முழுவதும் இரண்டு கட்சி. கீழே இறங்கி வந்தேன். கூடத்தில் இவர் தம்பியோடு போனில், "தொண்ணூத்திரண்டுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார். தகப்பன், பிள்ளை இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டுப் பூட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது.

என் அபிப்பிராயத்தைக் கேட்கிறீர்களா? வீட்டில் யாரும் கேட்டதில்லை, நீங்களாவது கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் நான் கைமடியாக இருந்தவள். டைலர் தைத்துத் தள்ளுகிற துணியைப் பக்கத்தில் நின்று மடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு ஷிப்டு, ஒன்றரை ஷிப்டு என்று நாள் முழுக்க டேப்ரிக்கார்டர் பாடும். ஒரு கேசட்டில் இரண்டு படம், பக்கத்துக்கு ஒன்று. புதுக் கேசட் வாங்குகிற வரையில் அதே இரண்டு படந்தான். நூறு தடவை, இருநூறு தடவை கேட்டிருப்பேன். முதல் பத்துத் தடவை பிடிக்காத பாட்டு, இருபதாவது தடவையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு புதுப் பாட்டுக்கு நாம் தருகிற அவகாசம் பத்து விநாடி. அப்புறம் விரலால் ஒரு தள்ளு. அந்தப் பாட்டு எப்படிப் பழைய பாட்டோடு போட்டி போடும், சொல்லுங்கள்?

ஆனால் இவர் சொல்வது முழுக்கப் பிசகு என்றும் நான் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்த சில படங்களின் பாட்டுகளில், என் காதுக்கு, மனுஷர் அடிக்கிற தாளத்துக்குப் பதிலாக மெஷின் தட்டுகிற தாளந்தான் கேட்கிறது. வேறு நல்ல குரல் பாடியிருக்க வேண்டிய பாட்டை ராஜாவே பாடிவிட்ட இடங்களும் உண்டு. கொழுந்தனாரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

'பாரதி' படத்தில் பாடியதற்காக ராஜாவின் மகள் பவதாரிணிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பெண் 2024 ஜனவரியில் காலமான செய்தி வந்த ராத்திரி, கொழுந்தனார் பல்லடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து போனில் அந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தொண்ணூற்றிரண்டைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

2025 மார்ச் 8-ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' என்ற சிம்பொனியை வாசித்தது. மறுநாள் ஞாயிறு. கொழுந்தனார் வரும்போதே கையில் இனிப்புப் பொட்டலம். ஏதோ அவரே போய் வாசித்துவிட்டு வந்ததுபோல முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எண்பத்தியொரு வயசுங்ணா! இந்த வயசுல எவன் எழுதுவான்?"

"வயசுக்கு மார்க்குப் போடறதாடா சங்கீதம்?" என்றார் இவர். "இருபது வருசத்துக்கு முன்னால திருவாசகம்னு ஒண்ணு கொண்டாந்து குடுத்தியே. ஹங்கேரிக்குப் போயி இத்தனை பேரை வெச்சு வாசிச்சாங்களாம். அதுல என்ன இருந்துச்சு? ஒரு வயலின் உண்டா, ஒண்ணு உண்டா? அவினாசி கோயில்ல ஓதுவார் ஒருத்தர் பாடறது போதாதா?"

கொழுந்தனார் முகம் சிவந்துவிட்டது. 2005-இல் அந்தத் தட்டை வாங்கி வந்து, மாமியாரைக் கூடத்தில் உட்கார வைத்து, விளக்கேற்றிக் கேட்க வைத்தவர் அவர். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு முழுவதும் உட்கார்ந்து வாசித்ததை, வயலின் உண்டா என்று கேட்டால்?

"வயலின் இல்லையா? உங்களுக்குக் காது கேட்டாத்தானுங் வயலின் கேக்கும்!" என்று சொல்லிவிட்டார்.

குழம்பு கொதிக்கிற சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. இவர் இலையிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கொழுந்தனாரும் சாப்பிடவில்லை. இனிப்புப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அப்புறம் ஏழு ஞாயிறு அவர் வரவில்லை. சித்திரைக் கனிக்குக்கூட வரவில்லை.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று எனக்கு முதலில் கோபந்தான். யோசிக்க யோசிக்கத்தான் பயம் வந்தது. சகோதரிகளே, நாம் சொல்வது கணவன்மார் காதில் விழாவிட்டால் அதை வியாதி என்று நம்மில் யாராவது நினைப்போமா? டெலிவிஷனை அலற விடுவார். "ஏன் எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க?" என்று எரிந்து விழுவார். பேத்தி, "அப்பிச்சி, அப்பிச்சி" என்று கதை சொன்னால் தலையை மாத்திரம் ஆட்டுவார். ஆண் பிள்ளைகள் பேசினால் புரிந்துகொள்கிறவர் குழந்தை பேசினால் ஏன் விழிக்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. சமீபத்தில் போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தம்பி சொன்னது பொய்யாக இருந்தால் சிரித்துக்கொண்டு போயிருப்பாரே!

ஒரு ராத்திரி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தத் திருவாசகத்தை வைத்தேன்.

"ஏனுங், இங்க வயலின் வருதே, கேக்குதுங்களா?"

"எங்க? அவரு பாடறதுதான் கேக்குது. கீழே தம் தம்முனு ஏதோ கேக்குது. அவ்வளவுதான்."

எனக்கு அந்த வயலின்கள் மழை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தன.

பிறகு 1980-இல் வந்த 'ஜானி' படத்திலிருந்து எஸ். ஜானகி பாடிய பாட்டு ஒன்றை வைத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டின் நடுவில் வயலின்கள் எழுகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே அவருடைய விரல் தொடையில் எழுந்துவிட்டது. வளைகிற இடத்தில் வளைந்தது, இறங்குகிற இடத்தில் இறங்கியது. எனக்கு ஒரு சந்தேகம். மெதுவாகப் போனின் சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். சுத்தமாக நிறுத்திவிட்டேன்.

விரல் நிற்கவில்லை. ஒரு சுருதி பிசகாமல் வாய்க்குள் முனகிக்கொண்டு அந்த வயலின் பகுதி முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். "பார்த்தியா? இதுதான் வயலின்!" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறு வாரம் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன். முழங்காலைக் காட்டப் போகிறோம் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். பொய்தான். காது பரிசோதிக்கிற பெண் சின்னப் பெண். என் மகள் வயசு. கண்ணாடி அறைக்குள் இவரை உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். வெளியே வந்து காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். "தறியிலே இருந்தீங்களா, ஐயா?" என்று கேட்டாள். இவர் திகைத்துப் போனார். காகிதத்தில் எழுதியா இருக்கிறது?

எழுதித்தான் இருந்தது. தாழ்ந்த சுருதிகளுக்கெல்லாம் கோடு நேராகப் போய், 4,000 என்று போட்ட இடத்துக்குக் கிட்டே பள்ளத்தில் விழுந்துவிட்டது. பல வருஷம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடந்தான் முதலில் போகுமாம். உள்காதில் மயிரிழைபோல நுண்ணிய அணுக்கள் இருக்கின்றனவாம்; செத்தால் திரும்ப முளைக்காதாம். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டாலே காது கெட ஆரம்பித்துவிடும் என்றாள். நம் தேசத்துத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். தறிக் குடோனில் நின்றவர்களைக் கேளுங்கள், அந்த வரம்பு எந்த மூலைக்கு என்று!

பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும். நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அடிபடுகிற சத்தம், ஒரு தறியில்லை, வரிசையாகப் பத்துத் தறியில். உள்ளே பேச்சு என்பதே கிடையாது. கை ஜாடைதான், வாய் அசைவுதான். தறிக்காரர் வீட்டுக்குள் வந்தும் கத்தித்தான் பேசுவார் என்று எங்கள் ஊரில் கேலி பண்ணுவோம். கேலி பண்ணியவர்களில் நானும் ஒருத்தி.

இவர் தறிக்குப் போனது 1981-இல், பதினாலு வயசில். தகப்பனார் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்கு ஒன்பது வயசு. தார் எடுத்துக் கொடுக்கிற பையனாக நுழைந்து, அப்புறம் தறி ஓட்டி, 1990-இல் திருப்பூருக்கு வந்து நிட்டிங்கில் சேர்ந்தார். அங்கே மட்டும் அமைதியா? தம்பி பத்தாவது வரையில் படித்தார். இதை இவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் ஒரு சமாசாரம் சொன்னார். குடோனில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்ததாம். தறிச் சத்தத்தில் பாட்டு ஒரு கசகசப்பாகத்தான் கேட்குமாம். ஆனால் அது பேட்டரியில் ஓடுகிற பெட்டி. கரண்ட் போனால் தறி எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடும், பாட்டு நிற்காது. அந்த நிசப்தத்தில், இருட்டில், வயலினும் புல்லாங்குழலும் ஒவ்வொன்றாகத் தனித்தனியாக வந்து காதில் விழுமாம். "கரண்ட் போனா கூலி போகும். இருந்தாலும் கரண்ட் போகணும்னு வேண்டிக்குவோம்" என்றார். அவருக்கு ராஜா என்றால் அந்த இருட்டில் கேட்டதுதான். அந்த வயலின்கள் அவருக்குள் இறங்கிப் பத்திரமாக இருக்கின்றன. பின்னால் வந்த பாட்டுகளுக்கு அப்படிச் சேமித்து வைக்க அவரிடம் காது மிச்சமில்லை.

காதுக் கருவி என்றதும், "கிழவனாட்டம் மாட்டிக்கிட்டு கம்பெனிக்குப் போறதா?" என்று ஒரே பிடிவாதம். விலையைக் கேட்டதும் பிடிவாதம் இரட்டித்தது. ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. பேத்தியை விட்டுப் பேசச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை, அதனாலேயே சம்மதித்தார்.

மாட்டிய முதல் நாள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். கடுகு வெடிக்கிறது என்றார். சுவர்க் கடிகாரம் ஓடுகிறது என்றார். பல்லி கத்துவதைக் கேட்டு நின்றார். ஆனால் பாட்டு வைத்தபோது முகம் சுளித்துக்கொண்டது. ஜானகி குரல் தகர டப்பாவில் வருகிறதாம்! கருவி பேச்சுக்காகச் செய்தது, சங்கீதத்துக்கு வேறு மாதிரி திருப்பி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லி, மறுபடி போய்ச் சரி பண்ணிக்கொண்டு வந்தோம். முழுசாகச் சரியாகவில்லை. செத்துப்போன அணுவுக்குக் கருவி என்ன செய்யும்?

அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு படம். யாரிடமும் சொல்லாமல், 1993-இலிருந்து வரிசையாக. நான் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி 'அழகி'. ஒரு ராத்திரி 'நான் கடவுள்'. 2012-இல் வந்த 'நீதானே என் பொன்வசந்தம்' எட்டுப் பாட்டையும் இரண்டு நாள் கேட்டார். திருவாசகத்தை வைத்த ராத்திரி, போனைக் காதுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகு நேரம் அசையாமல் இருந்தார். கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

இதற்குள் ஓரகத்தியிடம் நான் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எட்டாவது ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். கொழுந்தனார் படியிலேயே நின்றார்.

"நங்கையா, சோறு இருக்குதுங்களா?" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் இலை போட்டேன். அண்ணன் காதுக்குப் பின்னால் இருந்த கருவியை அவர் பார்த்தார். பார்க்காததுபோல இலையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்க தோஷத்தில் உரக்கத்தான் எடுத்தார்.

"டேய், மெதுவாப் பேசு. எல்லாம் கேக்குது" என்றார் இவர்.

இரண்டு கவளம் போன பிறகு அவரே ஆரம்பித்தார். "'விடுதலை'யில தனுஷ் பாடறது நல்லாத்தான் இருக்குது. 'அழகி'யும் சரி. 'பொன்வசந்தம்' மூணு பாட்டுத் தேறும்."

"மூணா? எட்டும் தேறுமுங்ணா!"

"மூணுதான்டா. தொண்ணூத்தியாறு, தொண்ணூத்தியேழுல வந்ததையெல்லாம் மறுபடி கேட்டுட்டேன். மெஷின் மாட்டிக்கிட்டுக் கேட்டாலும் ஜி.எஸ்.எம். கம்மிதான்."

"எந்தப் படத்தைக் கேட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல!"

குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வரும்போது இரண்டு குரலும் பழைய உயரத்துக்குப் போய்விட்டன. அந்தச் சமயம் பார்த்து என் பிள்ளை எலும்புக்கூட்டுச் சட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான். வந்தவன் சும்மா இருக்கக்கூடாதோ? "அப்பா, இப்பத்தான் காது நல்லாக் கேக்குதே. இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று அந்தப் பதினெட்டு நிமிஷப் பாட்டை வைத்துவிட்டான். 1930-இல் இந்தியாவுக்கென்று புறப்பட்டுப் பிரான்ஸில் விழுந்து எரிந்துபோன ஆகாயக் கப்பலைப் பற்றிய பாட்டாம். 2015-இல் வந்ததாம். ஆரம்பம் என்னவோ பியானோவில் சாதுவாகத்தான் இருந்தது. இவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிதார்களும் முரசுகளும் சேர்ந்து கிளம்பியதும் கையை இலையில் உதறிவிட்டு, கருவியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கு எங்க தறிக் குடோனே தேவலாம்டா!"

கொழுந்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கோபம், பாட்டை நிறுத்தப் போனான்.

"நிறுத்தாதே" என்றார் இவர், கருவியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டே. "இன்னும் எத்தனை நிமிசம் இருக்குது? இவங்க முன்னாடி நல்லா வாசிச்சாங்களா, பின்னாடியா?"

"2000-க்கு அப்புறந்தானுங்ப்பா..." என்று என் பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.